அக்காவின் ஓஹ்ரிட்

லண்டன் டூட்டிங்கில் நான் வேலை செய்த சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எண்பதுகளில் தொடங்கிப் பல வருடங்கள் என் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து நின்றவள் ஒரு மசிடோனியாக்காரி. என்னைவிட நன்றாக மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டு அறிந்தபின் அவளும் என்னைத் தங்கச்சி என்றாள். நாங்கள் பேசியது உடைந்த ஆங்கிலம். ஆனால் அவள் சொன்னவை எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவளுடைய ஊர் ஓஹ்ரிட். ஏரிக்கரை ஊர். அதன் பெயரை எடுக்காமல் அவளுக்கு ஒரு ஷிப்ட் முடியாது.

"படகில இருந்து குனிஞ்சு பார்த்தால், அடியில கிடக்கிற கல்லெல்லாம் தெரியும் தங்கச்சி."

ஒழுங்கைகள் ஒடுக்கமாம். வீடுகளின் மேல்மாடி கீழ்மாடியைத் தாண்டி வெளியே தள்ளி நிற்பதால் எதிர்வீட்டு ஜன்னல்காரிக்குச் சீனி எட்டிக் கொடுக்கலாமாம். ஏரி மீனின் செதிலில் இருந்து பூச்சு எடுத்து முத்துச் செய்கிற குடும்பங்கள் இருந்தனவாம். அப்படி ஒரு சரத்தை வேலைச் சட்டைக்குள் அவள் எப்போதும் போட்டிருப்பாள். வேலையை விட்டதும் தாய் வீட்டில் ஏரியைப் பார்த்த மேலறைக்குத் திரும்பிப் போய், சாகும்வரை அங்கே இருப்பது என்பது அவள் முடிவு. புருசன் எப்போதோ விட்டுப் போயிருந்தான், பிள்ளைகள் இல்லை. அந்த அறை ஜன்னல்களுக்கு நீலத் துணி வாங்கி, தானே தைத்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். நான்தான் விளிம்பு மடித்துக் கொடுத்தேன்.

ஒரு குளிர்காலம் அவளுடைய தாய் செத்துப்போனாள். இவளுக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அடுத்த கோடையில், "என்னாலை தனியப் போக ஏலாது, நீயும் வா" என்றாள்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "உமக்கென்ன விசரே? எங்கட ஊருக்குப் போக வழியில்லாமல் இருக்கிறம். நீர் ஆரின்ரையோ ஊர் பார்க்கப் போறீர்."

சொன்னாரே தவிர, விமான நிலையத்துக்கு அவர்தான் கொண்டுபோய் விட்டார்.

விமானத்தில் இருந்து இறங்கி, மலைகளுக்கு ஊடாகப் பஸ்ஸில் போனோம். கடைசி வளைவில் ஏரி தெரிந்தபோது அக்கா என் கையை நோகப் பிடித்தாள். அவள் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. தண்ணீருக்கு மேலே பாறையில் ஒரு சின்னத் தேவாலயம், சரிவு நிறையச் சிவப்பு ஓட்டுக் கூரைகள், காற்றில் பொரித்த மீன் வாசம். அவ்வளவு வடிவு.

தாய் வீட்டில் இருந்த அவளுடைய தம்பி வாசலுக்கு ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். அது நடிப்பில்லை. அவனுடைய மனைவி ஒரு தட்டில் அத்திப்பழப் பாகும் கரண்டியும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டு வந்து நீட்டினாள். நான் ருசித்துச் சாப்பிட்டேன். அக்கா கரண்டியைத் தொடவில்லை.

"இது விருந்தாளிக்குக் குடுக்கிறது" என்றாள் என்னிடம், மெதுவாக.

மேலறையில் ஒரு ஹொலண்ட் சோடி தங்கியிருந்தது. நீலத் திரைக்கு வெளியே அவர்களுடைய நீச்சல் உடுப்புகள் காய்ந்தன. கோடை முழுக்க எல்லா அறைகளுக்கும் ஆள் வருகிறது என்றும், பழைய வீடுகளைப் பார்க்கத்தான் வெளிநாட்டார் இந்த ஊருக்கு வருகிறார்கள் என்றும் தம்பி பெருமையாகச் சொன்னான். எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இடம் பிடித்து வைத்திருந்தான். நடையில் தாயின் மரப்பெட்டி திறந்தபடி இருந்தது. தாய் கலியாணத்தன்று இடுப்பில் கட்டிய பூவேலைத் துணியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

நாங்கள் வெளியே வரும்போது அந்த ஹொலண்ட் பெண் கமராவோடு ஒழுங்கையில் நின்றாள். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்துச் சிரித்து, "கொஞ்சம் விலகுவீர்களா? வீடு மட்டும் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அக்கா விலகினாள்.

மறுநாள் பாறைத் தேவாலயத்துக்குக் கீழே கற்களில் உட்கார்ந்திருந்தோம். "தம்பியிட்டை உன்ர பங்கைக் கேளன்" என்றேன்.

"எங்கட ஊரில பொம்பிளைப் பிள்ளை பங்கு கேட்டால் வெக்கம். அப்பா செத்த உடனேயே தம்பிக்கு விட்டுக் குடுத்திட்டன். எல்லாச் சகோதரியளும் அப்பிடித்தான். கேளாமல் இருந்தால் காலம் முழுக்க அந்த வீட்டில இடம் இருக்கும் எண்டு சொல்லுவினம்."

"எங்கட பக்கம் வீடு மகளுக்குத்தான். சீதனம்."

"அப்ப உன்ர வீட்டில இப்ப ஆர் இருக்கினம்?"

"ஆமி காம்ப் போட்டு இருக்கிறான் எண்டு கேள்வி."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புறப்படும் நாள் காலை அவள் தம்பியிடம் கேட்டே விட்டாள். பங்கை இல்லை. "வேலையை விட்டுப்போட்டு வந்தால் நான் எங்கை படுக்கிறது?" என்று கேட்டதாகப் பிறகு எனக்குச் சொன்னாள். அவன் அவளைத் தோளோடு அணைத்தான். நீ லண்டன்காரி, உனக்கு இங்கே என்ன இருக்கிறது, குளிர்காலத்தில் வா, அப்போது அறைகள் சும்மாதான் கிடக்கும் என்றான். கெட்டவன் என்று சொல்ல அவன் ஒரு இடமும் வைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு அவள் ஓஹ்ரிட் என்ற சொல்லை எடுக்கவில்லை. விரிப்பை மடித்தோம், மெஷின் சத்தம் கேட்டோம். சில வருடங்களில் அக்காவின் நாடு போரில் உடைந்தது. தொலைக்காட்சியில் நாளும் அதே செய்தி. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், அக்காவின் பேச்சு வித்தியாசமாக இருப்பதைக் கவனித்து, எந்த ஊர் என்று விசாரித்தாள்.

"கோலியர்ஸ் வுட்" என்றாள் அக்கா. டூட்டிங்குக்குப் பக்கத்தில் அவள் குடியிருந்த இடம் அது.

"இல்லை, பிறந்த ஊர்?"

"பஸ்ஸில வந்தால் கொஞ்சத் தூரம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டாள். கோலியர்ஸ் வுட்டில் கவுன்சில் கொடுத்த ஒற்றை அறை வீடு. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டு அவித்துக் கொண்டு போவேன். நத்தார்ப் பண்டிகைக்குத் தம்பி டெலிபோன் எடுப்பான். அவள் சிரித்துச் சிரித்துப் பேசுவாள், எல்லாரையும் சுகம் விசாரிப்பாள். ரிசீவரை வைத்ததும் என்னைப் பார்த்து, "சாப்பிடுவம், ஆறப்போகுது" என்பாள்.