மாமனுக்கும் ஒரு கடுக்கன்

தங்கச்சி மகனுக்கு நாலு வயதில் காது குத்த நாள் பார்த்தார்கள். எங்கள் வழக்கப்படி பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கடுக்கன் வாங்குவதும் மாமன்தான். அவளுக்கு அண்ணன் என்று நான் ஒருவன்தான். ஆனால் நான் கொழும்பில் பல வருடம் இருந்துவிட்டு அப்போதுதான் கண்டிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். பயலுக்கு என்னைத் தெரியாது. கண்டாலே அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி டீவியில் ஒரு படம் பார்த்துத் தொலைத்தாள். அதில் ஒரு மாமனும் மருமகனும் ஒரே பாட்டுக்குள் ஒட்டிக்கொள்கிறார்களாம். நீயும் அப்படிச் செய் என்று என்னைப் போட்டு நச்சரித்தாள். படத்து மாமனைப் போலவே பலூன் வாங்கிக் கொடுத்து, பயலைத் தோளில் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நடந்தேன். அவன் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அலறினான். ஒரு பொலிஸ்காரர் எங்களை நிறுத்தி, இந்த ஆள் யாரென்று பிள்ளையிடம் கேட்டார். தெரியாது என்றான். தங்கச்சி வந்துதான் என்னை மீட்டாள்.

காது குத்தும் நாளன்று கலஹாவிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் கோயிலுக்கு வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பயல் தூணைக் கட்டிக்கொண்டான். ஆளாளுக்குக் கெஞ்சியும் பிடி தளரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமன் மடி இல்லாமல் குத்தினால் மாமியார் வீட்டில் என்ன பேசுவார்களோ என்று தங்கச்சி கண் கலங்கினாள். எனக்கு வேறு கவலை. இந்தப் பொடியனுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காதோ என்று நிஜமாகவே மனசு வலித்தது.

கடைசியில் பயலே வழி சொன்னான்.

"மொதல்ல மாமாவுக்குக் குத்துங்க."

வேனில் வந்த சனம் அது நியாயம்தான் என்றது. எந்தக் காது என்று ஆசாரி என்னிடம் கேட்டார். அதற்குள் ஒரு பெரியம்மா குறுக்கிட்டு, அப்படியானால் இவனும் தன் தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், வழக்கத்தை மாற்றக்கூடாது என்றார். என் மாமாவுக்கு எழுபது வயதுக்கு மேல். வாங்குப் பலகையில் அவரை உட்கார வைத்து, அவர் மடியில் என்னை உட்கார வைத்தார்கள். "கால ஊனிக்கடா," என்று முனகினார்.

ஆசாரி குத்தியதும் நான் போட்ட சத்தத்தில் பூசாரியே திரும்பிப் பார்த்தார். பயல் தூணை விட்டான். மெதுவாக வந்து என் மடியில் ஏறி, என் காதில் ஊதினான்.

"ஒண்ணுமில்ல மாமா. கண்ண மூடிக்கங்க."

அந்த இடைவெளியில் ஆசாரி அவன் காதைக் குத்திவிட்டார். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான், நானும் அழுதேன், அடியில் மாமா வேறு காரணத்துக்காக அழுதார்.

பயலின் இன்னொரு காதுக்குக் கடுக்கன் இல்லை. அது என் காதில் இருந்தது. கழற்றச் சொன்னாள் தங்கச்சி. பயல் விடவில்லை. ஆளுக்கொன்றோடு வீடு திரும்பினோம். திங்கட்கிழமை அப்படியே ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் என் காதைப் பார்த்தபடியே பேசினார்.

இப்போது தங்கச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. அதுவும் என்னைக் கண்டால் அழுகிறது. பரவாயில்லை, எனக்கு இன்னொரு காது மீதி இருக்கிறது.