பிரேக் நார்மனின் கேட் பாஸ்கள்

“வண்டி எங்க நிக்கி?” என்று சமையலறையிலிருந்து ஜான்சி ஆன்ட்டி கேட்டார்.

“சிக்னல்ல,” என்றார் அவர் கணவர் நார்மன்.

டிவி திரையில், அவர் ஆடிக்கொண்டிருந்த லாரி கேமில், ஜெர்மனி. சாலையில் ஆள் இல்லை, எதிரே வண்டி இல்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பதினெட்டுச் சக்கர லாரி அதற்குக் கட்டுப்பட்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே, புனேயின் நிஜ ஔந்த் சிக்னலிலும் சிவப்புதான். அங்கே ஸ்கூட்டர்கள் அதைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன.

கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்த மேல்வீட்டுக் கெசியா, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவளாகப் பேச்சைத் தொடங்குவது அபூர்வம். அன்று தொடங்கினாள்.

“போர் அடிக்கலையா அங்கிள்? வேற கேம் ட்ரை பண்ணுங்க.”

“வேற என்ன இருக்கு? ஒருத்தன் சுடுதான், ஒருத்தன் குத்துதான். மிச்சம் சீட்டு. அது நமக்கு ஆகாது பிள்ள. சின்ன வயசுல, சபையில திடப்படுத்தல் எடுத்த அன்னைக்கு வேதத்துல கை வச்சு அப்பாவுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன், சீட்டக் கையால தொட மாட்டேன்னு. இன்னைய வரைக்கும் தொட்டதில்ல.”

“வேற லாரி கேம் ஒண்ணு இருக்கு. மலைப்பாதை. சரக்கு கொண்டு போகணும்.”

“சிக்னல் உண்டா?”

“இல்ல. காட் இருக்கு, மலை ஏத்தம். ஏழு காட்.”

“பிரேக்?”

“பிரேக் இருக்கு அங்கிள்.”

“அப்ப சரி. போட்டுக் குடு.”

பச்சை விழுந்தது. இண்டிகேட்டர் போட்டு, யாருமில்லாத சாலையில் நார்மன் அங்கிள் கிளம்பினார்.

கெசியா சொன்னது எதுவும் பொய்யில்லை. ஒரு வாக்கியம் முன்னதாக நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். விமான் நகரில், வெளிவரப்போகும் கேம்களை விளையாடிப் பிழை கண்டுபிடிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அந்த மலைப்பாதை கேமை அங்கே ‘லாரித் தோல் போர்த்திய சீட்டாட்டம்’ என்பார்கள். சீட்டு என்றால் ஓடுகிறவர்களையும் உள்ளே இழுப்பதற்காகவே லாரி. வழியில் மண் சரியும், கொள்ளையர் மறிப்பார்கள், எருமை குறுக்கே படுத்திருக்கும். ஒவ்வொரு தடைக்கும், திரையின் அடியில் விசிறியாக விரியும் ஐந்து அட்டைகளில் ஒன்றை எடுத்துப் போட வேண்டும்: ‘பிரேக்’, ‘ஹார்ன்’, ‘ஓரம் கட்டு’. சீட்டு என்ற சொல் எங்கும் வராது. ‘ஆர்டர்’ என்றுதான் எழுதியிருக்கும். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அவரே தூக்கிப் போட்டுவிடுவார் என்று அவள் நினைத்தாள்.

அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அறுபத்தொரு வயதில் அவர் சீட்டுக்கட்டின் உள்ளே பார்த்ததே இல்லை. ஆகுர்டி ஆட்டோமொபைல் ஆலையில் முப்பத்து நாலு வருடம் பிரேக் சோதித்தவர் அவர். அங்கே ஒரு வண்டி வெளியே போக வேண்டுமென்றால் கையில் கேட் பாஸ் என்ற அட்டை வேண்டும். திரையில் விரிந்த ஐந்தையும் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “கேட் பாஸ்!” என்றார். அன்றிலிருந்து அவை கேட் பாஸ்கள்தான்.

மூன்றே வாரத்தில் ஜெர்மனி மறந்துபோனது. காலையில் ஷேவ் செய்து, சட்டையை இன் செய்து, ஷூ மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார். “சப்பல் போட்டுட்டு காட் ஏறப்படாது” என்பது அவர் கட்சி. எந்தத் தடைக்கு எந்த பாஸ் என்று ஒரு டைரி. “எருமைக்கு ஹார்ன் போடாத. அது கோவிச்சுக்கிட்டு இன்னும் நாலு எருமையக் கூட்டிட்டு வருது” என்று பால் பாக்கெட் போடுகிறவருக்கும் புத்தி சொன்னார். ஒரே ஒரு குறை அவருக்கு. “ஒவ்வொரு காட் முடிஞ்சதும் எல்லா பாஸையும் கலைச்சுப் போடுதான். ஆபீஸ் நடத்தத் தெரியாத பயலுவ!” கேம் செய்தவர்களுக்கு ஒரு கடிதமே எழுதினார்: பாஸ்களைத் தேதிவாரியாக அடுக்கிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இங்கிலீஷ் சரியா என்று பார்க்கக் கெசியாவிடம் கொடுத்தார். அவள் ஒரு காற்புள்ளி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆறு காட் ஏறினார். ஏழாவது ஏறவில்லை. உச்சியில் பனி இறங்கும், பின்னாலேயே கொள்ளையர் வருவார்கள். அந்த இடத்தில் நாற்பத்தாறு தடவை உருண்டார்.

இதற்கிடையில் சபை பிக்னிக் வந்தது, லோனாவளாவுக்கு. சபையில் அவருக்கு ‘பிரேக் நார்மன்’ என்று பெயர். வருடாவருடம் பஸ் கிளம்புமுன் எல்லார் பையையும் திறந்து பார்ப்பார். சீட்டுக்கட்டு இருந்தால், செத்த எலியைத் தூக்குவதுபோல் கைக்குட்டையால் பிடித்துப் பறிமுதல் செய்வார். இந்த வருடம் அது பாடகர் குழுவின் ஷீலா ஆன்ட்டியின் பையில் இருந்தது, சப்பாத்தி டப்பாவுக்கு அடியில்.

“அரே நார்மன், அது என் தம்பியோடது!”

“உங்க தம்பிக்கும் சேத்து ஜெபம் பண்ணுவோம்.”

பெட்டி கிழிந்திருந்தது. அவர் தூக்கியதும் சீட்டுகள் பஸ் தரையெல்லாம் கொட்டின. கைக்குட்டையும் விழுந்தது. அவர் குனிந்து பொறுக்கினார். நிமிரும்போது இடது கையில் ஐந்து சீட்டுகள் அழகான விசிறியாக விரிந்திருந்தன. வலது கை நடுச் சீட்டை எடுத்து ஓரத்தில் செருகியது. பழகிய கை. பஸ்ஸில் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது... கேட் பாஸ் மாதிரில்லா இருக்கு!” என்றார்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒருத்திக்கு மட்டும் விளங்கியது. அவர் கெசியாவைப் பார்த்தார். அவள் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்தாள்.

“எப்பேர்ப்பட்ட கை!” என்றார் ஷீலா ஆன்ட்டி. “எத்தன வருஷப் பழக்கம்?”

லோனாவளாவில் அவர் அந்த ஊரின் பேர்போன கடலை மிட்டாய் சிக்கியை வாங்கவில்லை, பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் டைரியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுபடி ஜெர்மனிக்குப் போனார். பத்து நாள் கழித்து ஜான்சி ஆன்ட்டி மாடியேறி வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பிள்ள, இந்த மனுசனுக்கு என்னமோ ஆயிட்டு. சிவப்பு விளக்குல நிறுத்தாமப் போறாரு. ‘ஏங்க, சிக்னல்’னேன். ‘போட்டும்’ங்காரு.”

கெசியா அன்றே கீழே இறங்கிப் போனாள். வழியெல்லாம் ‘சாரி அங்கிள், எனக்குத் தெரியும்’ என்பதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறந்ததும் அதையே சொல்லிவிட்டாள்.

“நான் கேக்கல, நீ சொல்லல,” என்றார் அவர். “அத விடு. அறியாம ஆடுனதக் கர்த்தர் மன்னிப்பாரு, அத சபை ஐயர்கிட்டயே கேட்டுட்டேன். அறிஞ்சு ஆடுனா?”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். உள்ளே ஜெர்மனி அணைந்திருந்தது. திரையில் ஏழாவது காட், உச்சியில் பனி, அடியில் ஐந்து பாஸ்கள். ஜாய்ஸ்டிக் டீப்பாயின் அந்தப் பக்கத்தில், காலி நாற்காலிக்கு முன்னால் இருந்தது. அவர் சோபாவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். ஒருமுறை அசைத்துப் பார்த்தார், இறுகத்தான் இருந்தன.

“ஏ பிள்ள,” என்றார், “சத்தியம் பண்ணது கை மட்டுந்தான. நான் வாயால சொல்லுதேன், நீ கொஞ்சம் அமுக்குதியா?”