ஸ்கேன் அறை வாசலில் ஒரு தாலிகட்டு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வளையமாம். அதற்குள் படுத்தவரெல்லாம் மூச்சைப் பிடிப்பார்களாம், பிடிக்கச் சொன்னவனும் கூடவே பிடிப்பானாம். அப்படிச் சொன்னவன் நான்தான். கோரிப்பாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. எடுக்கிறேன். சனங்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவர்களே, உங்களுக்குப் புரியும்.

சளிக்கு ஒரு சி.டி.

விளாங்குடி அண்ணன் ஒருவர். நேற்று மழையில் நனைந்தார், இன்று தும்முகிறார். டாக்டர் சீட்டு இல்லை. நெஞ்சுக்கு ஒரு சி.டி. போடச் சொன்னார். "சளிக்கெல்லாம் வேண்டாம்ணே, கதிர்வீச்சு கூடுதல். இருமல் வாரக்கணக்கில் விடாமல் இருந்தாலோ, எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தாலோ டாக்டரே எழுதுவார்" என்று மெல்லச் சொன்னேன். நான் எதையுமே மெல்லத்தான் சொல்வேன். அவர் முகம் வாடிவிட்டது.

"என் மச்சினனுக்கு எடுத்திருக்காய்ங்க. எனக்கு ஒண்ணுமே வேணாம்னா வீட்டுல எவன் மதிப்பான்?"

மஞ்சள் கயிறு

டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் புருஷன், பெண்டாட்டி. அக்காவுக்கு இரண்டு மாதமாக இருமல். எக்ஸ்ரேயில் ஒரு நிழல். புற்றா, வேறு ஏதாவதா என்று பார்க்கத்தான் சி.டி. கழுத்தில் தங்கச் செயினில் தாலி. உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும், கழற்றணும் என்றேன். "உசுரே போனாலும் கழட்ட மாட்டேன்" என்று அக்கா நின்றுவிட்டார்.

புருஷக்கார அண்ணன் விறுவிறுவென்று வெளியே போனார். கோபமோ என்று எனக்குப் பயம். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. முதலில் இதைக் கட்டிவிட்டு, பிறகு செயினைக் கழற்றிக்கொள்ளலாமாம். கயிற்றை அக்கா கழுத்துக்குக் கொண்டுபோனார். காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பெரியவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாப்ள, மூணு முடிச்சையும் இறுக்கிப் போடுங்க. நாங்க இம்புட்டுப் பேரு சாட்சி இருக்கோம்!"

நிழல்

எங்கள் சென்டர் டாக்டரம்மா படத்தைப் பார்த்து முடிக்கும்வரை அண்ணன் செயினைக் கைக்குள் பொத்திக்கொண்டே நின்றார். "புற்று இல்லைங்க. எப்பவோ வந்து ஆறின பழைய தழும்பு. இருமலுக்கு உங்க டாக்டர் மருந்து தருவார்" என்றார் டாக்டரம்மா. அண்ணன் அக்கா கழுத்தில் செயினைப் போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"கல்யாணத்தன்னைக்கு வீடியோக்காரனப் பாத்துக்கிட்டே கட்டுனீக. இன்னைக்குத்தான் என் மூஞ்சியப் பாத்துக் கட்டிருக்கீக. இது இருக்கட்டும்."

செயினும் கயிறுமாக அக்கா முன்னால் போக, அண்ணன் பின்னாலேயே படியிறங்கிப் போனார். இந்த வேலையில் ஒரே குறை, தாலிகட்டே நடந்தாலும் பந்தி கிடையாது.