தூக்குப்போசியைத் தட்டிக்கொண்டு திரும்பி நடந்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராதுங்க. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதியிருந்தால் கோவிச்சுக்காதீங்க. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் சோமனூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் காலமெல்லாம் தறி ஓட்டினவர். அந்தச் சத்தத்திலேயே நின்று நின்று ரெண்டு காதும் மந்தமாகிவிட்டது. மத்தியானம் நான் சோறு கொண்டுபோவேன். தறி ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. எனக்குக் கத்தவும் வராது. சோறு கொண்டுபோன தூக்குப்போசி மூடியில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவேன். எந்த மூலையில் நின்றாலும் தலை நிமிர்ந்து பார்ப்பார்.

இப்போது தறியெல்லாம் விட்டாச்சு. போன வருஷம் எனக்கு வயிற்றில் கட்டி என்று கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்து உடம்பு தேறி, மாவாட்டிக்கொண்டு இருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"நீ பொழைச்சு வந்தா ரெண்டு பேரும் பழனிக்கு நடந்தே வாரோம்னு வேண்டிப்போட்டேன்."

"உங்க காலுக்கு நீங்க வேண்டலாமுங்க. என்னையக் கேக்காம என் காலையும் சேர்த்தா வேண்டுவாங்க?" என்றேன்.

"நீ மயக்கத்துல இருந்தே. எப்படிக் கேக்கறது?" என்றார்.

மகனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கடைசியில் ஒரு கண்டிஷன் போட்டான். வழியில் சின்னதாக எதுவென்றாலும் போன் செய்யணும், அவன் காரை எடுத்துக்கொண்டு வந்து ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவான், அப்புறம் மறுபேச்சு பேசக்கூடாது. சரி என்று தலையாட்டினோம். ரெண்டு பேருக்கும் ஒரு போன் போதும் என்று அவர் ஜோப்பில் வைத்துக்கொண்டார்.

தை மாதம், வெறுங்கால். பல்லடம் வந்து தாராபுரம் ரோட்டைப் பிடித்தோம். ரோடெல்லாம் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும்தான். எங்களைத் தெரியாதவர்கள் எங்களுக்குச் செய்ததை எழுதினால் நீளமாகப் போய்விடும். ஒரு வீட்டில், முகம்கூடச் சரியாகப் பார்க்காத ஒரு அம்மா என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து முள்ளை எடுத்துவிட்டாள். "அய்யோ, காலை விடுங்க" என்றேன். "பழனிக்குப் போற காலு, எனக்கும் கொஞ்சம் புண்ணியம் ஒட்டட்டுமுங்க" என்றாள்.

நடப்பதில் எங்கள் வழக்கம் என்னவென்றால், அவர் முன்னால் போவார், நான் நாலடி பின்னால் போவேன். கல்யாணம் ஆன நாளாக அப்படித்தான். வெறுங்காலோடு நடப்பதால் கல்லையும் முள்ளையும் பார்த்துத் தலைகுனிந்து வருவேன். நடுநடுவே நிமிர்ந்து அவர் தோளில் பச்சைத் துண்டு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வேன். அது தெரிந்தால் போதும்.

குண்டடம் தாண்டி என்று நினைக்கிறேன், ஒரு பந்தலில் காலையில் பொங்கல் போட்டார்கள். "கை கழுவிட்டு வா, ரோட்டோரம் நிக்கறேன்" என்று அவர் போனார். நான் வெளியே வந்தபோது பச்சைத் துண்டு போட்ட முதுகு நடக்க ஆரம்பித்திருந்தது. பின்னாலேயே போனேன்.

அன்றைக்கு நடை வேகமாக இருந்தது. அவருக்கு இருந்த முழங்கால் வலி விட்டுவிட்டது போல, முருகன் கண் திறந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தேன். வெயில் ஏறிவிட்டது. ரெண்டு பக்கமும் கரண்டு எடுக்கிற காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் போலாமுங்க" என்றேன்.

உடனே திரும்பினார். ஒரே கூப்பாட்டில் எப்படிக் காது கேட்டது என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். வேறு ஆள்!

"நீங்க ஏனுங்கம்மணி என் பின்னாலயே வாரீங்க? நானும் ரொம்ப நேரமாப் பாக்கறேன்" என்றார் அந்த மனுஷர். பக்கத்தில் நடந்த அவர் சம்சாரம் சிரித்துவிட்டாள். "எங்க ஊட்டுக்காரர் பின்னால நானே இவ்வளவு தூரம் வந்ததில்லைங்கக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே ரோட்டோரம் ஒரு பாத்திர வண்டி நின்றது. கோயமுத்தூர் பாய் ஒருத்தர், மைக் வைத்துப் பாத்திரம் விற்கிற சின்ன வேன். வெயில் நேரத்தில் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, நடந்துபோகிறவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னை அவரிடம் கூட்டிப்போனாள்.

"போன் நம்பர் சொல்லுங்கம்மா, போட்டுத் தாரேன்" என்றார் பாய்.

என் வீட்டுக்காரர் நம்பர் எனக்குத் தெரியாது. நான் எப்போது அவருக்குப் போன் செய்தேன்? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மகன் நம்பர் ஒன்றுதான். அதைச் சொன்னால் மகன் காரோடு வந்துவிடுவான். அத்தோடு நடை முடிந்தது, அவர் வேண்டுதலும் போச்சு. அதைவிடப் பெரிய பயம், என்னைக் காணோம் என்று அவரே இந்நேரம் மகனுக்குப் போட்டிருப்பாரோ என்பது. இதையெல்லாம் அந்தப் பெண் காதில் சொன்னேன். அவள் பாயிடம் சத்தமாகச் சொன்னாள்.

"அப்ப மைக்குல கூப்புடலாம். அவர் பேரென்னம்மா?"

நான் தரையைப் பார்த்தேன். புருஷன் பேரை இத்தனை வயசுவரை வாயால் சொன்னதில்லை.

"சாமி பேருங்களாக்கா?" என்றாள் அந்தப் பெண். தலையாட்டினேன். "இப்பப் போறமே, அந்தச் சாமியா?" அதற்கும் தலையாட்டினேன்.

பாய் சிரித்தார். "அந்தப் பேரைக் கூப்பிட்டா ரோட்டுல பாதிப்பேர் வந்துருவாங்கம்மா. சரி, என்ன உடுத்தியிருந்தாரு?"

"பச்சை வேட்டிங்க, பச்சைத் துண்டுங்க" என்றேன். சொல்லிவிட்டுத்தான் ரோட்டைப் பார்த்தேன்.

"நீங்களே பேசுங்க. உங்க குரல் அவருக்குத் தெரியாதா?" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். "ஏனுங்க" என்றேன். ரோட்டில் போன ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்போது வண்டியில் தொங்கிய தூக்குப்போசி கண்ணில் பட்டது. ஒரு கரண்டியும் கேட்டு வாங்கி, மைக் பக்கத்தில் பிடித்து மூன்று தட்டு தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் பாய், "இங்கயே நின்னா கேக்காது. பின்னாலதான் இருப்பாரு. ஏறுங்கம்மா, போய்ப் பாக்கலாம்" என்றார்.

வண்டியில் ஏற முடியாதே என்றேன்.

"பின்னால போறதுக்கு ஏறுனா வேண்டுதல்ல சேராதுங்கக்கா. முன்னால போனாத்தான் குத்தம்" என்று அந்தப் பெண் சட்டம் பேசினாள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. "சரி, நடங்க. நானும் வாரேன்" என்றாள். தன் வீட்டுக்காரரை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, நடந்து வந்த தூரத்தை எனக்காகத் திரும்பவும் நடந்தாள். பாய் வண்டியைத் திருப்பி, எங்கள் நடைக்கு மெதுவாக உருட்டினார். மைக்கை ஜன்னல் வழியாக நீட்டிப் பிடித்திருந்தார். நான் தட்டிக்கொண்டே வந்தேன். எதிரே வந்தவர்களெல்லாம், "ஏனுங்கம்மணி, பழனி அந்தப் பக்கமுங்க!" என்றார்கள். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை.

பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் தலை நிமிர்ந்தது. எழுந்து எங்களைப் பார்த்து வந்தார். அவர்தான். கிட்டே வந்து போசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன, சோறு கொண்டாந்துட்டயா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"பையனுக்குப் போன் போட்டீங்களா?" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"எடுத்தேன். அப்புறம் ஜோப்புலயே வெச்சுட்டேன். உங்கம்மாவைத் தொலைச்சுப்போட்டேன்னு எப்படிச் சொல்றது? கூட்டம் குறைஞ்சதும் திரும்பத் தேடலாம்னு உக்காந்தேன்."

போசியை வண்டியில் மாட்டப்போனேன். பாய் வாங்கவில்லை. "மூடியெல்லாம் சொட்டையாக்கிட்டீங்க, இனி யார் வாங்குவா? எடுத்துட்டுப் போங்கம்மா, பஞ்சாமிர்தம் கொண்டாரதுக்கு ஆகும்" என்றார். அந்தப் பெண் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணா, அக்காவை முன்னால நடக்க உடுங்க. இல்லீன்னா மறுபடியும் எங்க ஊட்டுக்காரர் பின்னால வந்துருவாங்க" என்றாள். அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும், ஆனாலும் சிரித்தார்.

அங்கிருந்து பழனி வரைக்கும் நான்தான் முன்னால் நடந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. முன்னால் பார்க்க முதுகு இல்லாமல் எந்தப் பக்கம் பார்ப்பதென்றே தெரியவில்லை. வருகிறாரா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். கூப்பிட்டால் அவருக்குக் கேட்காதே, அதனால் நடுநடுவே போசியை ஒரு தட்டு தட்டுவேன். "வாரேன் வாரேன்" என்பார். இப்படியே நடந்து போய் மலையும் ஏறிவிட்டோம். மகனிடம் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான்.

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பந்தல் குண்டடத்துக்கு அந்தப்பக்கம் என்று எழுதினேன். அவரோ இந்தப்பக்கம் என்கிறார். பாய் கொடுத்தது எலுமிச்சைத் தண்ணீர் இல்லை, மோர் என்றும் சொல்கிறார். அந்த ரோட்டில் நடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்க. அந்தப் பெண்ணின் ஊரையும் கேட்காமல் வந்துவிட்டேன். அவளே படித்தால், நான் எழுதினதில் தப்பு இருந்தால் திருத்திவிடு கண்ணு.