ஆற்றோடு போன தூண்டில்

ராக்கப்பன் குவைத்தில் ஒரே வீட்டில் பதினெட்டு வருஷமாக டிரைவர். இளையான்குடிப் பக்கத்துக்காரர், வயது ஐம்பதை ஒட்டி. முதலாளி அபு பஹத் எழுபத்து நாலு வயதுப் பெரியவர். வீட்டில் வேலை செய்கிற எல்லோரும் அவரை பாபா என்றுதான் கூப்பிடுவார்கள். ராக்கப்பன் என்று முழுப்பெயர் சொல்ல அவருக்கு நாக்கு வளையாது, ராக்கு என்பார். அவர்கள் பேச்சில் பாதி அரபி, பாதி இந்தி, போதாத இடத்துக்குக் கைச்சாடை.

ஒவ்வொரு அக்டோபரிலும் பாபா ஸ்காட்லாந்து போய், அங்கே ஓர் ஆற்றில் பத்து நாள் சால்மன் மீன் பிடிப்பார். கடலில் வளர்ந்த சால்மன்கள் முட்டையிடுவதற்காகத் தாங்கள் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுகிற காலம் அது. கூடவே ஒரு சிநேகிதரும் போய்க்கொண்டிருந்தார். அவர் போன வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய தூண்டிலை அவர் மகன்கள் பாபாவிடம் கொடுத்திருந்தார்கள். பாபாவுக்கும் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தனியாக ஆற்றில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். இந்த வருஷம் வேண்டாமே என்று பிள்ளைகளும் சொன்னார்கள். பாபா ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, ராக்கப்பனின் பாஸ்போர்ட்டை விசாவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

குவைத்திலேயே ஃபர்வானியா பகுதியில் இருந்த ஊர்க்காரர் மீராசாவின் ரூமில்தான் ராக்கப்பனுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. விஷயத்தைக் கேட்டு மீராசா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்ணே, நம்ம மார்க்கெட்ல இல்லாத மீனா? அதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போறிய?"

ராக்கப்பன் சிரித்து வைத்தார். தனக்கு நீந்தத் தெரியாது என்பதை மீராசாவிடமும் சொல்லவில்லை, பாபாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைத் தேடுவார்கள் என்ற பயம்.

ஸ்காட்லாந்தில் அந்த ஆற்றுத் தண்ணீர் பால் கலக்காத சுலைமானி டீயின் நிறத்தில் இருந்தது. கரையெல்லாம் மஞ்சளாகப் பழுத்த மரங்கள். மார்புவரை ஏறுகிற ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். பாபாவின் பெல்ட்டைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்வது ராக்கப்பனின் டூட்டி. காலடியில் கற்கள் எண்ணெய் தடவியதுபோல வழுக்கின. முதல் நாள் முழுக்க அவர் தன் பாதங்களைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

நாலு நாள் ஒன்றும் கடிக்கவில்லை. ஆற்றில் மீன் இல்லாமல் இல்லை. கண்ணெதிரே கை நீளத்துக்கு ஒன்று எழும்பித் துள்ளித் தொப்பென்று விழும். ஆனால் ஆற்றுக்குள் வந்த சால்மன் இரை எடுக்காதாம். துணைக்கு வந்த உள்ளூர்க்காரர் யூவன் அப்படித்தான் சொன்னார். பிறகு தூண்டிலை ஏன் கவ்வும் என்று ராக்கப்பன் பாபாவிடம் கேட்டார். கோபத்தில் கவ்வும் என்பார்கள், சரியாக யாருக்கும் தெரியாது என்றார் பாபா. இது தெரிந்தும் வருஷா வருஷம் வருகிறாரே என்று ராக்கப்பனுக்கு வியப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு மீன் கவ்வியது. சிநேகிதரின் தூண்டில் வில்லாக வளைந்தது. பாபா கால் மணி நேரம் இழுப்பதும் விடுவதுமாக நின்றார். திடீரென்று அவர் முழங்கால் மடங்கியது. தண்ணீர் கழுத்துக்கு ஏறிவிட்டது. அந்த நிலையிலும் அவர் தூண்டிலைப் பின்னால் நீட்டி, பிடி, பிடி என்றார். ராக்கப்பன் ஒரு கையில் அதை வாங்கினார். மீன் ஓர் இழுப்பு இழுத்தது. மறு கையில் பெல்ட் நழுவத் தொடங்கியது. ராக்கப்பன் தூண்டிலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பெரியவரை அள்ளித் தூக்கினார்.

யூவன் ஓடி வந்து கரையேற்ற உதவினார். பாபாவுக்கு அடி எதுவும் இல்லை. அன்று சாயங்காலம்வரை யூவன் ஆற்றோரம் நடந்து தேடியும் தூண்டில் கிடைக்கவில்லை. பாபா ராக்கப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. குவைத் திரும்பியதும் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார் என்றே ராக்கப்பன் முடிவு கட்டிவிட்டார். போனில் மனைவி ஜோதிமணியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள், "தூண்டில விட்டீங்க, ஆள விடலைல? பெறகென்ன, தூங்குங்க" என்றாள். அவர் தூங்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் காலையில் பாபா அவரைக் கூப்பிட்டார். தனக்குக் கால் முடியாது என்றும், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதாகவும், ராக்கு இறங்கிப் பிடிக்கட்டும் என்றும் சொல்லித் தன் பழைய தூண்டிலை நீட்டினார். ராக்கப்பன் வாங்கவில்லை.

"எனக்கு நீந்தத் தெரியாது, பாபா."

பாபா அவரையே பார்த்தார். "தெரியாமலா ஐந்து நாள் என் பின்னால் நின்றாய்?"

"ஆமாம்."

பெரியவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து, தன் கையாலேயே டீ ஊற்றி முதல் கோப்பையை ராக்கப்பனுக்குக் கொடுத்தார். பதினெட்டு வருஷத்தில் அது முதல் தடவை. யூவனைக் கூப்பிட்டு, மிதவைச் சட்டை கொண்டுவந்து இவருக்கு மாட்டச் சொன்னார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்துக்கு இவர் போகக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

தூண்டிலோடு ராக்கப்பன் இறங்கி நின்ற முழங்கால் தண்ணீரிலேயே சாயங்காலம் ஒன்று கவ்வியது. கரையிலிருந்து பாபா, விடு, இழு, இப்போது விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சினை நிறைந்த பெண் மீன். அந்த ஆற்றில் பிடித்ததைத் திருப்பி விட வேண்டும் என்பது சட்டம். யூவன் முள்ளைக் கழற்றினார். களைத்துப்போன மீனை ஓட்டத்துக்கு முகம் காட்டி இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருக்கச் சொன்னார். ராக்கப்பன் குனிந்து நின்றார். விரல்கள் குளிரில் மரத்தன. மெல்ல மெல்ல மீனுக்கு உயிர் வந்து வால் அசைந்தது. அவர் கையை உதறிக்கொண்டு மேல்நோக்கிப் போய்விட்டது. அப்புறமும் கொஞ்ச நேரம் அவர் நிமிரவில்லை.

ராக்கப்பன் இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பாபாவின் திவானியாவில், வீட்டோடு ஒட்டிய அந்த விருந்தினர் கூடத்தில், வாரம் ஒருமுறை விருந்தாளிகள் கூடுவார்கள். தூண்டில் ஆற்றோடு போன கதை அங்கே வராமல் இருக்காது. மீன் எவ்வளவு பெரிது என்று யாராவது கேட்டால் பாபா ராக்கப்பனைத்தான் காட்டுவார். ராக்கப்பன் பேரீச்சம்பழத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரிப்பார். பாபாவின் முகத்தைப் பார்ப்பார். இன்னும் ஒரு சாண் விரிப்பார். தூண்டிலை இழுத்துக்கொண்டு போன அந்த மீனை அவர்கள் இருவருமே கண்ணால் பார்த்ததில்லை.