மோட்டாரை நடுவுக்கு மாற்றினோம்: தலைச்சோலைப் பக்கம் மூன்று நாள்

இந்த முறை ஏற்காட்டுக்கு ஊர் பார்க்கப் போகவில்லை. ஆடி மாதம், மழை, மூட்டம், எனக்கு முட்டிவலி வேறு. இந்த நேரத்தில் மலைக்குப் போகிறவனுக்குக் கிறுக்குதான் பிடித்திருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். கடலூரில் முப்பது வருடமாக அவுட்போர்டு மோட்டார் ரிப்பேர் செய்கிறவன் நான். மிதவைப் படகில் மோட்டாரை எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்று இங்கே முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தலைச்சோலைக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ஏரியில் படகு ஓட்டும் கோவிந்தன் போன் செய்தார். படகு இழுக்க மாட்டேன் என்கிறது, ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்றார். எஸ்டேட் கூப்பிடுகிறதா என்று கேட்டதற்கு, இல்லை, தன் சொந்த வேலை என்றார். குரல் சரியில்லை. கிளம்பிவிட்டேன்.

கடலூரிலிருந்து சேலம் பஸ் ஐந்தரை மணி நேரம். சேலத்தில் பதினொன்றே காலுக்கு ஏற்காடு பஸ் கிடைத்தது. டிக்கெட் 34 ரூபாய். இருபது கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டாவதுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. பன்னிரண்டே முக்காலுக்கு ஒண்டிக்கடையில் இறங்கி, ஆறிப்போன தக்காளி சாதம் (50 ரூபாய்) சாப்பிட்டேன். அங்கிருந்து ஆட்டோ அரை மணி நேரம், 450 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். திரும்பி வரும்போது ஆள் கிடைக்காது என்று டிரைவர் சொன்னார், அது உண்மைதான்.

ஏரி சின்னது. படகுத்துறையிலிருந்து எதிர்க்கரைச் சவுக்கு மரங்கள் வரை கயிறு போட்டு அளந்ததில் முந்நூறு மீட்டர். கோவிந்தன் குடை இல்லாமல் நனைந்துகொண்டு நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாத ஆள். அவர் மனைவி செல்வி எஸ்டேட் சமையலறையில் வேலை செய்கிறார். காபி கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னவர் அவர்தான்.

போன கார்த்திகையில் செல்வியின் தம்பி ரவி, பாசி அள்ளப் பரிசலில் போனவன், சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் கவிழ்ந்துவிட்டான். அப்போது கோவிந்தன் துறையில் எட்டு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர்களை இறக்கக்கூட நிற்காமல் அப்படியே படகை விரட்டினார். பாதி வழி தாண்டி ஒரு மஞ்சள் டிரம் மிதக்கிறது, ஆழத்துக்கு அடையாளமாகக் கட்டியது. படகு அந்த டிரம்மைத் தாண்டும் வரை ரவியின் கை தண்ணீருக்கு மேலே தெரிந்திருக்கிறது. அதன் பிறகு தெரியவில்லை. அன்றிலிருந்து படகுச் சவாரியை எஸ்டேட் நிறுத்தி வைத்திருக்கிறது.

"மோட்டார் சரியா இருந்திருந்தா புடிச்சிருப்பனான்னு தெரியணுமாமுங்க இவருக்கு," என்றார் செல்வி. "தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது?"

கோவிந்தன் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

படகைப் பார்த்ததுமே எனக்குக் கோளாறு தெரிந்துவிட்டது. இரண்டு அலுமினிய மிதவை, மேலே பலகைத் தளம், பத்துக் குதிரைத் திறன் மோட்டார். அந்த மோட்டாரை நடுவில் மாட்டாமல் வலது மிதவைக்கு நேர் பின்னால், நான்கு அங்குலம் தூக்கி மாட்டியிருந்தார்கள். மிதவை கலக்கிவிட்ட நுரைத் தண்ணீரில் புரொப்பல்லர் சுற்றினால் காற்றைத்தான் அள்ளும். சத்தம் வரும், தள்ளாது. படகும் இடது பக்கம் இழுக்கும். நடுவில் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் சேர்வராயன் சாமி படத்துக்கு ஒரு மரமாடம், காய்ந்த மாலையோடு.

முன்பக்கம் ஆட்கள் செருப்புக் காலோடு ஏறுகிற இடம், அங்கே சாமியை வைக்க முடியாது. புகையும் எண்ணெயும் படாமல் இருக்க மோட்டாரை ஓரமாக ஒதுக்கினார்களாம். ஓரத்தில் பாசி சிக்கியதால் தூக்கியும் விட்டார்கள். யார் செய்த வேலை என்று கேட்டேன்.

"நாந்தானுங்க," என்றார் கோவிந்தன். "ஆயுத பூஜை வரைக்கும் நடுவுலதான் இருந்துச்சு."

ஆயுத பூஜைக்கும் கார்த்திகைக்கும் இடையில் எத்தனை நாள் என்று நான் மனசுக்குள் எண்ணினேன். அவர் எத்தனை தடவை எண்ணியிருப்பாரோ.

எதையும் தொடுவதற்கு முன் அப்படியே ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். எட்டுப் பேர் எடைக்கு மணல் மூட்டை வேண்டும், எதிர்க்காற்று அடிக்கிற மதியம் மூன்று மணியாகவும் இருக்க வேண்டும் என்று கோவிந்தன் பிடிவாதமாக இருந்தார். என் கையில் ஸ்டாப் வாட்ச். மஞ்சள் டிரம் வரை மூன்று நிமிடம் ஐந்து விநாடி. சவுக்கு மரம் வரை நான்கு நிமிடம் பத்து விநாடி. மோட்டார் அலறிய அலறலுக்கு இது நடை வேகம்.

மறுநாள் காலையிலேயே வேலை முடிந்திருக்கும். ஆனால் சாமி மாடத்தை நகர்த்த வேண்டுமென்றால் பூக்கேட்க வேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துப் போட்டு, வேண்டிக்கொண்டு ஒன்றை எடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம். மாடம் வைக்கும்போதும் பூக்கேட்டு, வெள்ளை வந்துதான் வைத்தார்களாம். செல்வி சமையல் வேலை முடிந்து சாயங்காலம்தான் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மழையில் நின்று ஒரு பொட்டலத்தை எடுத்தார். மறுபடியும் வெள்ளை. அன்றைக்கும் வெள்ளை, இன்றைக்கும் வெள்ளையா என்று முணுமுணுத்துக்கொண்டே மாடத்தைத் தூக்கிப் போய்க் கூரைக் கம்பியில் உயரமாகக் கட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் மூன்று மணி நேர வேலை. நடுவில் குறுக்குச் சட்டம் போட்டு, பலகையைப் போல்ட் வைத்து முறுக்கி, மோட்டாரைத் தொங்கவிட்டேன். புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டைத் தகடு இருக்கும். அது மிதவையின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி இறக்கினேன். அன்று மதியம் மூன்று மணிக்கு அதே மூட்டைகள், அதே காற்று.

படகு சத்தமே மாறிப்போனது. கைப்பிடியோடு மல்லுக்கட்டாமல் கோவிந்தன் நேராக ஓட்டினார். டிரம்மைத் தாண்டியபோது வாட்சைப் பார்த்தேன், இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. சவுக்கு மரத்தடியில் வாட்சை நிறுத்தினேன். இரண்டு நிமிடம் முப்பத்தைந்து விநாடி. கை தெரிந்துகொண்டிருந்த நேரத்துக்குள், அரை நிமிடம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்திருந்தோம்.

மோட்டாரை அணைத்தார். மழை தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவுங்க என்றார்.

முப்பது வருடத்தில் வாட்ச் காட்டாத நேரத்தை நான் சொன்னதில்லை. "மூணு நிமிஷம் இருபது," என்றேன். "டிரம் நேரத்தைத் தாண்டிடுச்சு கோவிந்தன். அன்னைக்கும் புடிச்சிருக்க முடியாது."

அவர் கைப்பிடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நானும் வாய்க்குள்ள எண்ணிக்கிட்டேதானுங்க வந்தேன்," என்றார். "நூத்தி அம்பத்தாறு."

என் வாட்சுக்கும் அவர் எண்ணிக்கைக்கும் ஒரே விநாடிதான் வித்தியாசம். நான் வாட்சைப் பைக்குள் வைத்தேன். வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை, நொம்ப நன்றிங்க என்று சொல்லிப் படகைத் திருப்பினார். துறையில் நின்ற செல்வி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கயிற்றை வாங்கிக் கட்டினார்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஆடியில் ஸ்வெட்டரோடு மழைக்கோட்டும் வேண்டும். தலைச்சோலைப் பக்கம் போனால் திரும்பிவர ஆட்டோவை அப்போதே பேசிவைத்துவிடுங்கள். சீசன் இல்லாததால் அறை 900 ரூபாய்க்குக் கிடைத்தது. போர்வை ஈர வாடை அடித்தது. மிதவைப் படகு வைத்திருப்பவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் மோட்டாரை ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். மாற்றினால் பாரம் ஏற்றி, எதிர்க்காற்றில், அன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். உயிர்காப்பு ஜாக்கெட் போடாமல் பரிசலில் கால் வைக்காதீர்கள். ரவியுடையது துறையில் ஆணியில் தொங்கியது, நான் போனபோதும் தொங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் போன் செய்தேன். செல்விதான் எடுத்தார். சவாரி மறுபடி தொடங்கிவிட்டதாம், படகு நன்றாக ஓடுகிறதாம். தினமும் காலையில் ஆட்கள் வருவதற்கு முன் கோவிந்தன் தனியாகச் சவுக்கு மரம் வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வருகிறாராம். இன்னமும் எண்ணுகிறாரா என்று கேட்டேன்.

"எண்ணறாருங்க," என்றார் செல்வி. "கரை வரைக்கும் கேக்குது."