இமை தைத்த நீர்க்கோழி

கல்முனைக் கடையொன்றில் தூண்டிலுக்கான தங்கூசி நூலை விரலில் சுற்றிப் பார்த்தபோது, குளத்து நடுவே இருந்து இப்போது தண்ணீருக்குள் போய்விட்ட அந்தத் திட்டும், பள்ளி விடுமுறைக்கு நான் தங்கிய மாமியின் ஓலை வீடும், அழுகிய தாமரைத் தண்டின் வாடையும், இதே நூலால் இமைகளைத் தைத்துக் கட்டிவைத்திருந்த நீர்க்கோழியும் நினைவில் ஏறின. அதன் அலகுக்குள் தினமும் நான்தான் சோறு தீத்துவேன். என் காலடி கேட்டாலே கழுத்தை நீட்டிக் கூவும். என்னைத் தேடுகிறதென்று எனக்குப் பெருமை.

"நல்லாத் தீத்து மகள், வயிறு நெறஞ்சாத்தான் கூவும். கூவினாத்தான் மத்தக் கோழியெல்லாம் வலைக்குள்ள வரும்," என்றார் ஒருநாள் மாமி, முதல்நாள் பிடித்த கோழிகளின் ஆணத்தை அடுப்புச் சட்டியில் கிளறியபடி.

மறுநாள் விடியலில் மாமா வலையை விரித்துவிட்டு வந்து என்னைத் தட்டி எழுப்பினார்.

"எழும்பு மகள். அதுக்குக் கேக்கிற மாதிரி கொஞ்சம் நட."